உதவியாளர் பேட்ஜ்

விஞ்ஞானி அன்று காலை கண்ணாடி முன் நின்று ஒரு மாபெரும் முடிவெடுத்தார். இன்றைய கூட்டத்தில் மனைவி வாயைத் திறக்கக் கூடாது.

விஞ்ஞானி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். தப்பில்லை, சிங்க் குழாயில் அடைத்துக்கொள்ளும் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் அவர். படுக்கப் போகுமுன் ஒரு மூடி ஊற்றினால் விடிந்ததும் குழாய் பளிச். உண்மையிலேயே நல்ல சரக்கு. என்ன, அது வளர்வது சமையல் மேடையில், தூங்குவது ஃப்ரிட்ஜில். மேல் தட்டு பாக்டீரியாவுக்கு, கீழ்த் தட்டு காய்கறிக்கு. நடுத் தட்டில் வெகுநாளாக எல்லைத் தகராறு.

இதற்கு விடிவு புத்தாக்க மையத்தின் கையில் இருந்தது. உயிரியல் தொழில் தொடங்குகிறவர்களுக்காக அவர்கள் வருடத்துக்கு ஒரு கூட்டம் நடத்துவார்கள். மேடையில் பேச வேண்டும். காபி இடைவேளையில் பழக வேண்டும். மையத்தின் தலைவிக்கு யார் தொழில் பிடிக்கிறதோ, அவருக்கு ஒரு வருடம் ஆய்வுக்கூடம் இலவசம். போன வருடம் விஞ்ஞானி வெறுங்கையோடு திரும்பினார். காரணம் மனைவிதான் என்பது அவர் கட்சி. யாரோ ஒருவரிடம், "இது எங்க வீட்டு சிங்க் அடியில கிடைச்சதுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாளாம்.

"இந்தத் தடவை உனக்கு உதவியாளர்னு பேட்ஜ் அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"சரிங்க."

"தப்பா எடுத்துக்காதே. போன வருஷம் மாதிரி நிறுவனர்னு இருந்தா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

"அதானே, எனக்கு எதுக்கு?"

"பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னா போதும்."

"காபி மெஷின் ஓரமா நிக்கட்டுமா?"

"எங்க வேணா நில்லு. வாயை மட்டும் திறக்காதே."

"காபி குடிக்கவாவது திறக்கலாமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி மறுபேச்சில்லாமல் இறங்கி வந்ததில்லை. விஞ்ஞானி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டார்.

மேடையில் பிய்த்து உதறினார். பிசுக்கை 'கொழுப்புச் சேர்மங்கள்' என்றார். சிங்க்கை 'இயற்கைச் சூழல்' என்றார். முன் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டதை, வாயைப் பிளந்து வியக்கிறார் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

இடைவேளை வந்தது. தலைவி எழுந்ததுதான் தாமதம், அத்தனை நிறுவனர்களும் மொய்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஒரு கோப்பை காபிக்காக அரங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னாலேயே பேட்ஜுகள் ஓடின. முதல் ஆளாக ஓடிய விஞ்ஞானியைப் பாசியில் பிஸ்கட் செய்கிறவர் மடக்கிக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு கடி. கடிச்சுட்டு உண்மையைச் சொல்லணும்."

கடித்தார். பல்தான் உண்மையைச் சொன்னது. தாடையை ஆட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், காபி மெஷின் ஓரத்தில் தலைவி. பக்கத்தில் மனைவி. வாய் திறந்திருந்தது, கையில் காபி இல்லை. தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போச்சு, இந்த வருடமும் சிங்க் கதைதான் என்று விஞ்ஞானிக்கு வியர்த்துவிட்டது.

மாலையில் முடிவைச் சொன்னார்கள். ஆய்வுக்கூடம் குழாய் பாக்டீரியாவுக்கு! விஞ்ஞானி மேடையேறியபோது கால் தரையில் பாவவில்லை.

"என் பேச்சு எப்படி?" என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டார்.

"அருமைங்க."

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னே?"

"ஃப்ரிட்ஜ் சண்டையைச் சொன்னேன். சிங்க் அடியில நீங்க டார்ச் அடிச்சுப் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். அவங்க வீட்டு சிங்க்கும் அடைச்சிருக்காம். ஒரு பாட்டில் கொடுத்தேன்."

"அவங்க எப்படி உன்கிட்ட வந்து மாட்டினாங்க?"

"நிறுவனர் பேட்ஜைப் பார்த்தாலே தலைதெறிக்க ஓடுறாங்க. உதவியாளர்கிட்ட மட்டும்தான் நின்னு நிம்மதியா காபி குடிக்கிறாங்க. போன வருஷமே பார்த்து வச்சேன்."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேப்பீங்களா? அதான் உங்க காதுல விழற மாதிரி சிங்க் கதையைச் சத்தமா சொன்னேன். நீங்களே கோவிச்சுக்கிட்டு நிறுவனர் பேட்ஜைப் பிடுங்கிட்டீங்க."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இப்பேர்ப்பட்ட மூளை தன் வீட்டில் இருக்கிறது என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு விம்மியது. பஸ்ஸில் இருந்த எல்லாரிடமும் எழுந்து சொல்லலாம் போல இருந்தது. 'கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும்' என்று தன்னையே பாராட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் பாட்டில்களோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். கூடத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர்தான் என்பது மையத்தின் விதி. தலைவி அந்த இடத்தில் எழுதியிருந்தது மனைவியின் பெயரை. காவலாளி சாவியை அவள் கையில் கொடுத்தார். விஞ்ஞானியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பேட்ஜ் இல்லாம உள்ளே விட மாட்டோம் சார்."

மனைவி கைப்பையைத் திறந்து பழைய பேட்ஜை எடுத்தாள். "இது இருக்கே, புதுசு எதுக்கு?" என்று அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

விஞ்ஞானி பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினார். 'உதவியாளர்' என்ற எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.