யானைக்கு ஒரு சொல்

யானை நகரவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தெரு நீளத்துக்கும் நெசவாளி உமாபதியின் பாவு, தறிக்குப் போக வேண்டிய நீளவாட்டு இழைகளாக, விரித்துக் கிடந்தது. பட்டிழைகளுக்குப் பாதி தூரம்தான் கஞ்சி பூசியிருந்தார்கள். மீதி தூரத்துக்கு எதிரில் கோயில் யானை கோமளா நின்றுகொண்டிருந்தது. மலையாளத்துப் பாகன் சங்குண்ணி, "பயப்படண்டா" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடியிருந்தான். பாகன் இல்லாத யானைக்கு எதிரில் பயப்படாமல் இருக்க யாரால் முடியும்?

"தெனமும் செய்யற மாதிரி பாவைத் தூக்கி ஓரமா புடிச்சிக்கலாம்ல?" என்றாள் மனைவி தில்லையம்மாள்.

"தெனமும் போடறது முதலாளி பாவு. இது நம்ம பொண்ணு மங்கைக்கு. ஈரத்துல தூக்கினா இழை அறுந்துபூடும். ஆனை வந்த வழியே போவட்டும்."

ஊரார் பெண்களுக்கெல்லாம் கூறைப்புடவை நெய்த உமாபதி, சொந்த மகளுக்கு நெய்வது இதுதான் முதல் தடவை. கல்யாணம் அடுத்த மாதம். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி பூசி, உலர்த்தி, சுருட்டியாக வேண்டும். கெட்டுப்போனால் இன்னொரு பாவுக்குப் பட்டு வாங்க அவருக்கு வழியில்லை.

"சங்குண்ணி ஒண்ணு சொல்வானே" என்றார் எதிர்வீட்டுச் சாயக்காரர் அர்ஜுனன். "'மாறு'ன்னு கத்துவான். நாம பாவைத் தூக்கிப் புடிப்போம். ஆனை கெளம்பிடும். அந்த வார்த்தையச் சொல்லிப் பாரேன்."

உமாபதி யானையைப் பார்த்து, "மாறு" என்றார். கோமளா ஒரு காதை ஆட்டியது. அவ்வளவுதான்.

"ஒரு வாட்டி சொன்னா போதாதுபா. எங்க தெலுங்குல மாருன்னாலே தடவைன்னு அர்த்தம். பல தடவை சொல்லணும் போலக்குது" என்றார் அர்ஜுனன்.

பாவு பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பல தடவை சொன்னார்கள். இத்தனை பேர் தன்னை விசாரிப்பதில் கோமளாவுக்கு மகிழ்ச்சி. துதிக்கையை நீட்டிக் கஞ்சி அண்டாவுக்குள் விட்டு, மொத்தத்தையும் உறிஞ்சிக் குடித்தது. அரிசிக்கு நாடே தவித்த அறுபத்தாறாம் வருஷம் அது. தில்லையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்ற தமிழ் வாத்தியார் கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"வீட்டுல இருக்கற மொழிய விட்டுட்டு ஏன் அடுத்த மொழிக்குப் போறீங்க? மாறுன்னா தொடப்பம். வெளக்குமாறு. அந்தப் பாகன் தொடப்பத்தைக் காட்டி மெரட்டிப் பழக்கியிருப்பான்."

தில்லையம்மாள் விளக்குமாற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அது தென்னங்குச்சியில் கட்டியது. கோமளா அதைப் பணிவோடு வாங்கி, இரண்டே வாயில் தின்றுவிட்டது. வாத்தியாருக்குப் பள்ளிக்கூட மணி ஞாபகம் வந்தது.

ஜரிகை வியாபாரி தஸ்தகீர் பாய் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"எங்க பாஷையில மார்னா அடி. ரெண்டு போட்டா நகரும்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் அர்த்தந்தான் சொன்னேன்பா" என்று பாய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

யானையை அடிக்க முடியாது. தாம்பாளத்தை அடிக்கலாமே என்று அர்ஜுனனுக்குத் தோன்றியது. கரண்டியால் நன்றாகவே அடித்தார். சாமி புறப்பாடு என்று நினைத்த கோமளா, முறைப்படி மண்டியிட்டு உட்கார்ந்து, துதிக்கையைத் தூக்கிச் சலாம் வைத்தது. இப்போது தெரு முழுசாக அடைபட்டுவிட்டது.

பெங்களூரிலிருந்து பட்டு நூல் கொண்டுவந்திருந்த வியாபாரி மெதுவாக, "நம்ம கன்னடத்தில மாருன்னா வித்துடு" என்றார்.

"வித்துடலாம் சாமி. வாங்கறவன் ஓட்டிக்கினு போவணுமே" என்றார் அர்ஜுனன்.

வெயில் கூரைக்கு மேல் வந்துவிட்டது. கஞ்சி படாத இழைகள் காற்றில் பிரிந்து ஆடின. உமாபதி பாவின் தலைமாட்டில் குந்திவிட்டார்.

"நாலு பேரு கட்டற பொடவையெல்லாம் நெய்ஞ்சேன். எம் பொண்ணுக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

அப்போதுதான் சங்குண்ணி கால் முகம் கழுவிக்கொண்டு, தெளிந்த முகத்தோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு குரல் கொடுத்தான்.

"மாறு, மாறு!"

பழகின கைகள் தாமாகவே பாவுக்குப் போயின. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் உமாபதியும் ஒரு பக்கம் தூக்கிவிட்டார். எல்லாருமாகப் பாவைச் சுவரோரம் ஒதுக்கிப் பிடித்தார்கள். ஓர் இழைகூட அறவில்லை. கோமளா எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, அவர்களைத் தாண்டித் தன்பாட்டில் நடந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு சொம்பாக வடிகஞ்சி வந்து சேர்ந்தது. பூசிவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் உமாபதிக்கு மூச்சே வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"ஏம்பா சங்குண்ணி, காலையிலேர்ந்து இந்தத் தெருவே அதே வார்த்தையத்தான் கத்திக்கினு இருக்குது. உம் பேச்சை மட்டும் கேக்குதே உன் ஆனை?"

சங்குண்ணி அவரை விநோதமாகப் பார்த்தான்.

"நூலைக் கண்டா நிக்கணும், நூல் ஒதுங்கினா போகணும்னு ஆனைக்கு நல்லா அறியும் சாமி. எங்க மலையாளத்துல 'மாறு'ன்னா 'ஒதுங்கு'. அதை நான் தெனமும் கத்தறது உங்களைப் பார்த்து."