குணம் என்றொரு கட்டம்

கம்ப்யூட்டரே தெரியாதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. தொண்ணூறுகளின் நடுவில், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் ஒரு தி.நகர் கம்பெனிக்கு அந்த ஆபத்தாக நான் போய்ச் சேர்ந்தேன். (பதவி 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்'. அங்கே இருந்தது ஒரே ஒரு சிஸ்டம்.) வேலை வாங்கிக் கொடுத்தவர் மயிலாப்பூரில் இருந்த என் சித்தப்பா. முதலாளி அவருக்குப் பழைய சிநேகிதர்.

புகார் வந்தால் எந்த மெக்கானிக் போவது என்பதை அதுவரை முதலாளி கத்தித்தான் தீர்மானிப்பார். அதை நான் ஒழித்தேன். வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் போதும். ஏரியாவைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ஆளைத் தேர்ந்தெடுத்துச் சீட்டு அச்சடித்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சீனியர் மெக்கானிக் ஏகாம்பரம்தான் கிளப்பிவிட்டார். “ஏரியாவ மட்டும் பாத்தா இன்னா பிரயோஜனம் தம்பி? ஆளப் பாக்க வாணாம்? சில வூட்ல கதவத் தொறந்ததுமே கத்துவாங்கோ. புதுப் பையன அனுப்பிச்சா அழுதுகினு வருவான்.”

உடனே 'குணம்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். வீடு வீடாக ஏகாம்பரம் சொல்லச் சொல்ல, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். கத்துவார். சந்தேகப் பேர்வழி. கஞ்சம், காபி கிடையாது. (இந்தக் கடைசி வீடு சித்தப்பாவுடையது. தெரிந்தேதான் தட்டினேன். உண்மைக்குப் புறம்பாக அதில் ஒன்றும் இல்லையே!) குணம் சரியில்லாத வீட்டுக்கெல்லாம் ஏகாம்பரமே போகவேண்டும் என்று விதியும் எழுதினேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சீட்டில் எதெது வரவேண்டும் என்று தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு, எல்லாக் கட்டங்களையும் அச்சடிக்கச் சொல்லியிருந்தேன். அந்தச் சீட்டில்தான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எனக்கு நினைவே வரவில்லை.

மறுநாள் முதல் போன் சித்தப்பாவிடமிருந்து.

“டேய், சீட்டுல குணம்னு போட்டு, எதிர்ல கே, ஏ, என், ஜே, ஏ, எம்னு இருக்கு. கம்ப்ரஸருக்கு ஏதாவது வியாதியா?”

'ஆமாம், கேஸ் கம்மி' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தோன்றவில்லை.

“பக்கத்துலயே காபி கிடையாதுன்னு வேற போட்டிருக்கு. ஃபிரிட்ஜுக்கு எதுக்குடா காபி?”

பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது. “ஏன்னா, அது ஃபிரிட்ஜைப் பத்தி இல்லை. நம்மளைப் பத்தி!”

மத்தியானம்வரை போன் ஓயாமல் அடித்தது. முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை. “சீட்டு போன ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போய் மன்னிப்புக் கேளு” என்றார்.

ஏகாம்பரத்தின் மொபெட்டில் தொற்றிக்கொண்டு கிளம்பினேன். மந்தைவெளி 'கத்துவார்' அம்மாள், “நான் கத்தறேனா தம்பி? எங்கே, சொல்லுங்க” என்று காதோடு ரகசியம் போலக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அடையாறு 'சந்தேகப் பேர்வழி' கதவின் சங்கிலியை எடுக்காமலே, “நீங்கதான் எழுதினீங்கன்னு நான் எப்படி நம்பறது?” என்றார். அவரிடம் நான்தான் குற்றவாளி என்று நிரூபிக்க அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது.

கடைசியாகச் சித்தப்பா வீடு. சித்தி ஒரு சொம்பு நிறையக் காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“குடி. இன்னொரு சொம்பு கலந்துண்டிருக்கேன்.”

“எனுக்கு சக்கர கம்மியா, மாமி” என்றார் ஏகாம்பரம், வெட்கமே இல்லாமல்.

அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னார் முதலாளி. எடுத்தேன். அந்த மாதக் கடைசியில் என்னை எடுத்தார்.

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவிடம் சித்தப்பா சொன்ன சிபாரிசு இது: “பையன் தங்கம். மனசுல படறதை டைப் அடிக்க விடாம மட்டும் பாத்துக்கோங்கோ.” உள்ளே இருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் சண்டை முற்றினால் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பாள்: “சொல்லுங்கோ, குணத்துல என்ன போடப்போறேள்?”

“காலியா விட்டுட்டேன்” என்பேன்.

“அந்தப் பயம் இருக்கட்டும்” என்பாள்.