புள்ளி நகர்த்தும் புகைப்படக்காரர்

மனிதர்களில் புள்ளி நகர்த்திகள் என்று ஒரு வகை உண்டு. சட்டத்தை மீறுகிறவர்கள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் மேல் அவர்களுக்கு அபார மரியாதை. அதைத் தாஜா செய்து, தோளில் கைபோட்டு, மெல்லத் தங்கள் பக்கம் அழைத்து வந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

நம் புகைப்படக்காரரைப் பாருங்கள். மச்சினன் புது வீடு கட்டியிருந்தான். "மாமா, உங்க ட்ரோனை வச்சு மேலேருந்து ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க" என்று கேட்டான். மச்சினன் வாயால் இவரிடம் ஒன்று கேட்பதே அபூர்வம். விடுவாரா?

ஆனால் அந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையின் மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் இருந்தது. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ட்ரோன் பறக்கக் கூடாது. ஒழுங்கான மனிதர் அல்லவா, முதல் நாளே போனில் வரைபடத்தைத் திறந்து, தளத்தில் ஒரு புள்ளி, வீட்டில் ஒரு புள்ளி வைத்து அளந்தார். ஒன்று புள்ளி எட்டு.

வேறொருவர் போனை மூடியிருப்பார். இவர் படத்தைப் பெரிதாக்கினார். மருத்துவமனை என்றால் வாசல்தானே என்று புள்ளியை வாசலுக்கு நகர்த்தினார். வாசல் என்றால் கார் நிறுத்தும் இடமும் சேர்த்திதானே என்று அங்கே தள்ளினார். இந்தப் பக்கம் வீட்டில், நடுக்கூடத்திலா நிற்கப்போகிறோம், பின்சுவர் ஓரமாகத்தானே என்று அந்தப் புள்ளியையும் பின்னுக்கு இழுத்தார். இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று! நிம்மதியாகத் தூங்கினார்.

"நேத்து ஒண்ணு புள்ளி எட்டுன்னீங்களே?" என்றாள் மனைவி.

"அது தோராயமா பாத்தது."

"அப்ப ஆஸ்பத்திரி நகர்ந்துடுச்சா?"

"உனக்கு மேப் பாக்கத் தெரியாது."

ட்ரோன் ஏறியது. மொட்டைமாடியில் சொந்தபந்தமெல்லாம் அண்ணாந்து கையசைத்தது. மச்சினன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியதும் கேட்டது அந்தச் சத்தம். படபடவென்று, மரங்களுக்கு மேலே, ஹெலிகாப்டர். உள்ளே யாரோ ஒருவரின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்க வேண்டும். புகைப்படக்காரரின் விரல்கள் அசைய மறுத்தன.

"இறக்குங்க! ஐயோ, இறக்கித் தொலைங்க!"

மனைவி போட்ட கூச்சலில்தான் கைக்கு உயிர் வந்தது. ட்ரோன் சரிந்து வந்து பூச்செடிக்குள் சொருகிக்கொண்டது. மறுகணம் ஹெலிகாப்டர் வீட்டுக்கு நேர்மேலாகக் கடந்துபோனது. மாடியில் தூக்கிய கைகளை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒடிந்துபோன ட்ரோனைச் செடியிலிருந்து எடுத்தவர் அடுத்து என்ன செய்தார் என்கிறீர்கள்? போனை எடுத்தார். மறுபடி அளந்தார்.

"பாரு, ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு. நான் சரியாத்தான் இருந்திருக்கேன். அந்த பைலட்டுக்குத்தான் எல்லை தெரியல."

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க, பாவம். கார் பார்க்கிங்ல இறங்க வேண்டியவர், தெரியாம மாடிக்குப் போயிட்டாரு."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் குளியலறையில் எடை பார்க்கும் மெஷினை எந்த டைல்ஸ் மேல் வைத்தால் ஒரு கிலோ குறைத்துக் காட்டும் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?