அல்லாலின் மூன்றாவது சர்க்கரைக் கூம்பு

அலமாரியின் மேல் வைத்திருந்த சர்க்கரைக் கூம்பைக் காணவில்லை. அல்லால் நாற்காலி போட்டு ஏறி, அங்கிருந்த தூசியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான். சமையலறையில் டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது.

அம்மா யாமினா நீலத்தாளைப் பிரித்து, முழங்கை உயரக் கூம்பைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா! அது பொண்ணு கேக்கப் போறதுக்கு வாங்கி வச்சதும்மா!"

"எப்ப வாங்கின? நோன்புக்கு முன்னாடி. இப்ப ஹஜ்ஜுக்குப் போனவங்களே திரும்பி வந்தாச்சு. எறும்பு வீட்டுலயா பொண்ணு கேக்கப் போற?" அம்மா ஒரு துண்டை டீக்குடுவைக்குள் போட்டாள். "எப்பப் பாரு நாளைக்கு, நாளைக்கு. யாரைக் கொண்டுதான் பொறந்தியோ! ஆங், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா... சரி, டீ ஆறுது. அப்புறம் சொல்றேன்."

மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் சர்க்கரைக் கூம்பு இல்லாமல் யாரும் பெண் கேட்டுப் போவதில்லை. போக வேண்டியதும் பையன் வீட்டார்தான். பெண் வீட்டார் தாமாக வாயைத் திறந்தால் கௌரவம் போய்விடும்.

அல்லால் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன். ஊரார் மீட்டரை ஒருநாளும் பிந்திப் பார்த்ததில்லை. சொந்தக் காரியம் என்று வந்தால் மட்டும் கை கால் ஓடாது. கோட்டில் பொத்தான் அறுந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. தையல்காரி பத்தூலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது அதற்கும் முந்திய கதை. பொத்தானைச் சாக்கு வைத்து அவள் கடைக்குப் போனால், "உங்களுக்கு என்னங்க அவசரம்? தலை நரைச்ச பிறகு வாங்களேன்" என்பாள். கலகலப்பான பெண் என்று பூரித்துப்போய்த் திரும்புவான். கோட்டைக் கொடுக்க மறந்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை காப்பிக்கடையில் அவன் சிநேகிதன் புஷைப் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"மச்சான், வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு ஃபெஸ் ஊர்லேர்ந்து பத்தூலைப் பாக்க வர்றாங்களாம். மாப்பிள்ளை பல் டாக்டர்."

அல்லால் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "என்னடா பண்றது?"

"போன் வீடியோல ஒருத்தர் பேசுறாரே, கேட்டதில்லையா? லட்சியத்தை ஊரறியச் சொல்லிடணுமாம். அப்புறம் வெக்கத்துக்குப் பயந்தாவது செஞ்சுடுவியாம்."

அல்லால் எழுந்து நின்று, தான் பெண் கேட்கப் போவதாகக் கடைக்கே கேட்கும்படி சொன்னான். எல்லோரும் கட்டித் தழுவினார்கள். கடைக்காரர் கன்னத்தில் முத்தமிட்டார். ராத்திரிவரை வாழ்த்துகளை வாங்கி முடித்தபோது, காரியமே முடிந்துவிட்ட மாதிரி மனசு நிறைந்துபோய், அவன் நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை விடிந்ததும்தான் உறைத்தது. மளிகைக்கடைப் பிராஹிமிடம் இரண்டாவது கூம்பை வாங்கினான். யோசித்தால் வம்பு என்று, பொத்தானில்லாத கறுப்புக் கோட்டோடு நேரே பத்தூல் தெருவுக்கு நடந்தான். பயத்தில் முகம் வெளுத்திருந்தது.

தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் அவன் முகத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா. அவர் மேல உனக்கு இவ்வளவு பாசமா?"

"யார் மேல?"

"மௌத்தானவர் மேலதான். அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும்."

கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் அதே சர்க்கரையைத்தான் அந்த ஊரில் இழவுக்கும் கொண்டுபோவார்கள். வாயைத் திறப்பதற்குள் கூம்பை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டார்கள். பெயர் தெரியாத மனிதருக்காக அல்லால் துஆ கேட்டான், கோதுமை ரவைக் கஸ்கஸ் சாப்பிட்டான், இரண்டு பேருக்கு ஆறுதலும் சொன்னான். வெறுங்கையோடு வெளியே வந்தபோது, எதிரே தன் தையல்கடை வாசலில் பத்தூல் நின்றிருந்தாள்.

"இதுக்கெல்லாம் மட்டும் டாண்ணு வந்துடுறீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை பிராஹிம் மூன்றாவது கூம்பை எடுத்துக் கொடுத்தார்.

"நேத்து இழவு. இன்னிக்கு?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

"இன்னும் தெரியல."

வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டான். அவள் துண்டும் வாளியுமாகத் தெருப் பொதுக்குளியலறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எனக்குக் குளியல் நாள்டா. நாளைக்குப் போலாமே."

"நாளைக்குப் பல் டாக்டர் வந்துடுவான்மா!" அல்லால் கூம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "அவ இல்லாம என்னால முடியாது. நான் தனியாவே போறேன்."

"டேய், இருடா! உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவன் நிற்கவில்லை. பந்தல் பக்கம் திரும்பாமல், சுவரோரமாக ஓடி, பத்தூல் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் அப்பா மக்கி திறந்தார். கூம்பைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் பத்தூல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அல்லாலுக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "நான் ரொம்ப லேட்டுன்னு தெரியும். மூணு வருஷமா தினமும் வரணும்னு நினைச்சேன். பயம். உங்க பொண்ணுன்னா எனக்கு உசிரு. பல் டாக்டருக்குக் குடுத்துடாதீங்க மாமா."

மக்கி அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்து, சுவர் அலமாரியைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு கூம்பு இருந்தது. அதன் நீலத்தாள் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னொரு சர்க்கரை எதுக்குப்பா? மூணு வருஷம் முன்னாடியே உங்கம்மா இதைக் கொண்டுவந்து பொண்ணு கேட்டு, நாங்களும் சரின்னுட்டோமே! அப்புறம் உங்க பக்கத்துலேர்ந்து யாரும் வரலைன்னுதான் பல் டாக்டரை வரச் சொன்னோம். 'நாளைக்கே பையன்கிட்ட சொல்லிடறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."