அட்டைப்படத்தில் முதுகு காட்டி நிற்பவளுக்கு

அன்பும் மரியாதையும், இந்த நேரத்தில் கொஞ்சம் நடுக்கமும் கலந்து அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், விற்காத புத்தகங்கள் அனைவரும் நலம். அங்கே நீயும் உன் மலையும் நலமா? உன்னை நம்பி மலையேற வருகிறவர்கள் எல்லோரும் போன எண்ணிக்கையிலேயே திரும்பி வருகிறார்களா?

கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எல்லோரும் தூங்கிய பிறகு புத்தகக் கட்டுகள் இருக்கும் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது தையல் மெஷின் கடைக்காரரின் சுயசரிதைக் கட்டின் மேல். கெட்டி அட்டை, நானூறு பக்கம். அப்பாவின் பதிப்பகம் போட்ட வியாபாரப் புத்தகங்களிலேயே உட்கார இதுதான் வசதி. அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். ஒவ்வொரு இருமலுக்கும் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். ஆகையால் சில வாக்கியங்கள் இருட்டில் எழுதியவை. அவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

அக்கா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஏரி சார் எழுதிய 'ஏரியைச் சுற்றி நடக்கும் வழிகள்' அச்சாகி வந்துவிட்டது. சார் முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுத, நீ ஒவ்வொரு வழியாக நடந்து பார்த்து, "சார், நீங்க இடது பக்கம் திரும்பச் சொன்ன மரம் விழுந்து எத்தனையோ வருஷமாச்சு, இப்ப அங்க சுவர்தான் இருக்கு, திரும்பினா மூக்கு உடையும்" என்று திருத்திக் கொடுத்தாயே, அதே புத்தகம். அட்டைக்கு அப்பா ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். ஏரி, கரையில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் யாருமில்லை. அப்பாவுக்கு மெயிலில் படம் சேர்க்க வராது என்று உனக்குத் தெரியுமே, "பாப்பா, அந்தப் படத்த டிசைன் தம்பிக்கு அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நானும் அனுப்பத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. ஆனால் அந்தக் காலி பெஞ்சைப் பார்க்கப் பார்க்க நம் அறையில் உன் கட்டில் மாதிரியே இருந்தது. அதனால் பெஞ்சை விட்டுவிட்டு உன்னை அனுப்பிவிட்டேன்.

கடைசியாக ஏரிமேட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கு அம்மா போனில் நான் எடுத்த படம். சிவப்புப் பை, இரட்டைப் பின்னல், இடது காலில் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கும். முகம் தெரியாது. நான் எப்போதும் உனக்குப் பின்னால்தானே மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன், அதனால் நான் எடுத்த எல்லாப் படத்திலும் உன் முதுகுதான் இருக்கிறது. முதுகு யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று ஒரு அசட்டுத் தைரியம். இப்போது அதே முதுகு ஆயிரம் பிரதியாக வீடு முழுக்க நிற்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நீ, பீரோவுக்கு மேல் நீ, குளியலறைக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் நீ. எல்லா நீயும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருக்கிறாய்.

அம்மா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் அடுப்புக்கு எதிரே, டப்பாக்களுக்கு நடுவில், ஒரு பிரதி நிமிர்ந்து நின்றது. "இது என்னம்மா இங்க?" என்றேன். "பாத்து சமைக்க" என்றாள். "அம்மா, இது நடக்கிறதுக்கான புத்தகம்." "தெரியும்டி. அதான் நின்னுக்கிட்டே பாக்கறேன். போய்ப் படி."

அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது, நேராக நிற்காது, கடவுள் புண்ணியம். முதல் பிரதியைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "பரவால்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அதற்குள் நம் கோல்கீப்பர் மாமா வந்தார். அவருடைய பந்தாட்டப் புத்தகம் எத்தனை விற்றது என்று கேட்கத் தினமும் வருவார், அப்பா தினமும் "விசாரிக்கறாங்க" என்பார். மாமா அட்டையைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்தப் பொண்ணு? லேஸ் அவுந்து கெடக்கு! என் டீமா இருந்தா வெளியில உக்கார வச்சிருப்பேன்" என்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ விட்ட கோலெல்லாம் லேஸக் கட்டிக்கிட்டுத்தானே விட்ட?" என்றார். மாமா அன்றைக்கு விற்பனைக் கணக்கே கேட்காமல் போய்விட்டார்.

இப்போது பயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் வெளியீட்டு விழா. மேடைக்குப் பின்னால் அட்டைப்படத்தைப் பெரிதாக்கி ஆள் உயரத்துக்கு பேனர் வைக்கப்போகிறார்களாம். அவ்வளவு பெரிதாக நின்றால் உடைந்த கண்ணாடிக்கும் தெரிந்துவிடுமே! தூறல் விழுந்தால் கேட் வரைக்கும்கூடப் போகாத அப்பா, ஊரையே "வெளியே போங்கள், மலை ஏறுங்கள், காற்று வாங்குங்கள்" என்று புத்தகம் போட்டு விரட்டுகிறார். நீ கிளம்பினபோது மட்டும், "மலையப் பத்திப் புத்தகம் போடலாம், மலையில போய் எவளாவது வேலை பாப்பாளா?" என்று கத்தினார். நீயும் சும்மா இருந்தாயா? "நீங்க போட்ட புத்தகம்தாம்பா என்னை அனுப்புது" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினாய். அன்று சாயங்காலமே சுவரில் இருந்த உன் படமெல்லாம் போய்விட்டது, ஆணி மட்டும் இருக்கிறது. இந்த அட்டையையும் கிழித்துவிட்டாரென்றால் இந்த வீட்டில் உன் முதுகுகூட இருக்காது. என்னை ஹாஸ்டலில் சேர்த்தாலும் சேர்க்கட்டும், அதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆகவே இரண்டு உதவி. ஒன்று, படத்தை அனுப்பியது நீதான் என்று அப்பாவுக்கு எழுதிவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், திட்டு எட்டாது. எனக்கு நன்றாக எட்டும். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை தப்பித்தவறியும் இந்தப் பக்கம் வந்துவிடாதே. பேனர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் நின்றால் கண்ணாடியே வேண்டாம்.

வராதே என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடிக்கலாமென்று பார்த்தேன், பல்லில் டார்ச் இருக்கிறது. அக்கா, தூக்கம் வராத ராத்திரிகளில் ஏரி சார் புத்தகத்தைத்தான் படிக்கிறேன். அதில் எது சார் எழுதியது, எது நீ திருத்தியது என்று எனக்குத் தெரியும். ஏழாவது வழியில், மேடு ஏறும் இடத்தில், "இங்கே சற்று நின்று மூச்சு வாங்கவும். பின்னால் வருபவருக்காகக் காத்திருக்கவும்" என்று வருகிறதே, அது சார் எழுதியதில்லை. அங்கே எப்போதும் மூச்சு வாங்குவது நான்தான், காத்திருப்பது நீதான். இப்போது அந்தப் பக்கத்துக்கு வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். மேலே போனால் நீ நிற்கமாட்டாய்.

அப்பா மறுபடி இருமுகிறார், முடித்துக்கொள்கிறேன். உன் கால்களுக்கு என் நமஸ்காரம், குதிகால் வெடிப்புக்கு மருந்து தடவு. மலைக்கு என் அன்பைச் சொல், உன்னைக் கீழே தள்ளினால் நான் வந்து கேட்பேன் என்றும் சொல்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் தங்கை

பின்குறிப்பு: காலையில் இதைத் தபாலில் போடக் கிளம்பினேன், அப்பா இல்லாத நேரமாக டிசைன் அண்ணன் பேனர் மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, படத்தைச் சின்னதா, மங்கலா அடிக்க முடியாதா?" என்று கெஞ்சினேன். "ஐயோ, உங்கப்பா என்னைக் கொன்னே போட்டுருவாரு! பாப்பா தப்பான படத்த அனுப்பிட்டா போலன்னு அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேன். 'அதேதான், போடு'ன்னாரு. தலைப்ப மேல வச்சேன். 'பிள்ளை தலைமேல எழுத்த ஏத்தாதப்பா, கனக்கும், கீழ இறக்கு'ன்னாரு. அப்புறம் ஒரு நாள் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, 'அந்த லேஸை மட்டும் கம்ப்யூட்டர்ல கட்டிவிட முடியுமா? தடுக்கி விழுந்துடப் போறா'ன்னு கேக்கறாரு. அதெல்லாம் முடியாதுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை வா. நூலக மாடி வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அப்பா பார்க்கிற மாதிரி அதில் உட்கார்ந்து லேஸைக் கட்டு.