மூணு மணி நேரத்துக்கு ஒரு சங்கு

அரியலூரில் அந்தக் காலத்தில் பொழுது தானாக விடிந்ததே இல்லை. சங்கண்ணன் பொத்தானை அழுத்தினால்தான் விடியும். நம்பாதவர்கள் அவரிடமே கேட்டிருக்கலாம். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை. பெயர் எதற்கு, இருந்தது. அங்கே ஷிப்டுக்கு ஷிப்ட் சங்கு ஊதுவது அவர் வேலை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, பிறகு இரண்டு. அவர் ஊதினால்தான் சுற்றுவட்டாரத்தில் உலை ஏறும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ரேடியோவில் மணி சொன்னால், "இன்னிக்கு ரேடியோக்காரன் அர நிமிசம் முந்திட்டான்" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து எழுந்து, "ஐயரே, முகூர்த்தம் முடிஞ்சு ரெண்டு நிமிசம் ஆச்சு" என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், "அன்னிக்கே சங்கண்ணன் சொன்னாரு" என்று ஆரம்பிக்கிறாராம்.

நான் அதே ஆலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. லைன் வீட்டில் அவருக்கு அடுத்த வீடு. அவர் தனிக்கட்டை. நானும் என் மனைவி மல்லிகாவும் அப்போது புதுசு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருக்கும், அவ்வளவு சின்னவள். மல்லிகாவுக்குப் பிரசவத்தோடு ஏதோ சிக்கலாகி, சாப்பிட்ட மாத்திரைகளின் வீரியத்தில் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பவுடர் பால்தான்.

அதைவிடப் பெரிய கவலை, குழந்தை அழவே மாட்டாள். பசித்தாலும் தூங்குவாள், பசிக்காவிட்டாலும் தூங்குவாள். பெரம்பலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"ரெண்டு மணி, மிஞ்சிப்போனா மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் குடுக்கணும். தூங்குனாலும் எழுப்பிக் குடுங்க. நடுவுல வாயத் தொறந்து தேடுனா மணி பாக்காதீங்க, உடனே குடுங்க. பத்து நாள்ல எடை ஏறலைன்னா திருச்சிக்குக் கொண்டுபோய் சேத்துரணும்."

திருச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மல்லிகா என் சட்டையைப் பிடித்தவள், அரியலூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை விடவில்லை.

அன்று சாயங்காலம் சங்கண்ணன் குழந்தை பார்க்க வந்தார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பாவுக்குப் பால் எத்தன மணிக்கு?" என்பதுதான். வேறு என்ன கேட்பார்?

மல்லிகா விவரமாகச் சொன்னாள். "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, சங்குல குடுக்கச் சொல்லியிருக்காங்கண்ணே."

"சங்குலயா?"

"ஆமாண்ணே, சங்குலதான் குடுக்கணுமாம்."

"டாக்டரம்மாவே சொன்னாங்களா?"

"அவங்கதாண்ணே சொன்னாங்க."

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டதாம். "நான் பாத்துக்கறேம்மா. நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். ரொம்ப இளகின மனசு என்று மல்லிகா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆலைச் சங்கு அலறியது. ஒன்பது மணிக்குச் சங்கு கிடையாது. வேளை கெட்ட வேளையில் ஊதினால் விபத்து என்று அர்த்தம். அவ்வளவுதான், ஆலையே மெயின் கேட்டுக்கு ஓடியது. கேன்டீன்காரர் கரண்டியோடு ஓடினார். மேனேஜர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். தீயணைக்கிற வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஓட்டத்தில் நான்தான் முதல், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

சங்கண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"யாரக் கேட்டுய்யா ஊதுன?" என்றார் மேனேஜர், மூச்சு வாங்க.

"டாக்டர் உத்தரவு சார். பாப்பாவுக்குப் பால் டயம்."

"எந்தப் பாப்பா?"

"நம்ம ஸ்டோர்ஸ் சார் பாப்பா."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை.

இன்னொரு தடவை ஊதினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் எச்சரித்து அனுப்பினார். சாயங்காலம் நான் சங்கண்ணனைக் கூப்பிட்டு, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். "அண்ணே, குழந்தைக்குப் பால் புகட்டுற இதுக்குப் பேருதான் சங்கு. டாக்டரம்மா சொன்னது இத."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கே ஐயோ என்றிருந்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். தலையை நிமிர்த்தினார்.

"பேரு ஒண்ணுதான சார்? அப்ப பொறுப்பும் நம்முளுதுதான்."

அந்தப் பொறுப்பை அவர் எப்படி நிறைவேற்றினார் என்றால், மறுநாள் மூன்று மணிக்கு எங்கள் வாசலில் நின்றுகொண்டு நிஜச் சங்கை எடுத்து ஊதினார். பக்கத்து ஊரில் சாவு வீடுகளுக்கு ஊதப் போகிறவரிடம் இரவல் வாங்கி வந்தாராம். நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. ஆண்கள் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார்கள். குரும்பலூருக்குச் செய்தி எப்படிப் போனதோ, இருட்டுவதற்குள் என் மாமனார் ரோஜா மாலையோடு பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா."

கொஞ்ச நேரம் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்கியாந்துட்டேன்" என்று சொல்லி சாமி படத்துக்குப் போட்டார்.

மல்லிகா விட்டாளே ஒரு டோஸ்! "அண்ணே, இனிமே எந்தச் சங்கும் ஊதப்படாது. அக்கற இருந்தா வூட்டுக்குள்ள வந்து உக்காந்து பாத்துக்கங்க."

கோபத்தில் சொன்னாள். அவர் அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் லீவு போடாத மனிதர் ஒரேயடியாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் எதற்கும் மணி பார்க்கவில்லை. நேரம் வந்தால் சங்கைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தயாராக வைத்திருப்பார். மல்லிகா தண்ணீரும் பவுடரும் அளந்து கலக்குவாள். அவர் ஈரத்துணியால் குழந்தையின் பாதத்தைத் துடைத்து, "எந்திரி தாயி, ஷிப்ட்டு ஆரம்பிச்சிருச்சு" என்பார். சொட்டுச் சொட்டாக விடுவார். முதல் நாள், குழந்தை குடித்தது போக மிச்சமிருந்த பாலையும் ஊட்டியே தீருவேன் என்று நின்றார். "வாய மூடிக்கிட்டா போதும்னு அர்த்தம், கொட்டிருங்கண்ணே" என்று மல்லிகா அதட்டியதும் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பதிலாக வேலை பார்த்தவன் ஒரு நாள் இரண்டு மணிச் சங்கை நாலு நிமிடம் பிந்தி ஊதினான். தெருவே முணுமுணுத்தது. மடியில் குழந்தையை வைத்திருந்த சங்கண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

பத்தாம் நாள் மூவரும் குழந்தையோடு பெரம்பலூர் போனோம். டாக்டரம்மா குழந்தையைத் தராசில் போட்டார். முள் நிற்கும்வரை மல்லிகா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் முள்ளைப் பார்க்காமல் டாக்டரம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா ஏறியிருக்கா. திருச்சி வேண்டாம்" என்றார் அவர். "யாரு இவ்ளோ கரெக்டா பாத்துக்கிட்டது?"

சங்கண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவு கர்வமாக ஒரு மனிதன் நின்று நான் பார்த்ததில்லை. எனக்கும் கர்வம்தான். இந்த மனிதர் என் பக்கத்து வீட்டுக்காரர் என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு ரொம்ப நேரம் தூங்க விடாதீங்க. ஆனா இனிமே பசிச்சா அவளே கேப்பா" என்றார் டாக்டரம்மா.

அவளே கேட்பாள் என்றதும் சங்கண்ணன் வாடிவிட்டார். பஸ்ஸில் வேலை போன ஆள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து படுக்கப் போட்டோம். அடுத்த வேளைப் பாலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. திடீரென்று ஒரு சத்தம். மூவரும் பதறிப்போய்ப் பார்த்தோம். என் பெண் முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, வீடு அதிர அழுதாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அழுகையை நாங்கள் கேட்டதில்லை. மல்லிகாவும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் டயம் ஆவலியேண்ணே" என்றேன் நான், அவரைச் சீண்டுவதற்காக.

"அவ சரியாத்தான் அழுவுறா சார். நாமதான் லேட்டு" என்றார். மல்லிகா பாலைக் கலக்கி வருவதற்குள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தெருவைப் பார்த்து அவர் கத்தியது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

"கேட்டுக்கங்க! எங்க பாப்பா அழுவுறா!"

'எங்க பாப்பா' என்றார். அது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.