ஒரு செருப்பு அலமாரி, ஒரு நாற்காலி, நான்கு குற்றங்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் வீட்டில் எல்லோரும், குறிப்பாகப் புதிதாய் வந்திருக்கும் உன் பேத்தியும், சுகமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அத்தான் எழுதுவது.

இன்று காலை எட்டு இருபது நிலவரம்: எங்கள் வீட்டு லிஃப்ட் அட்டை இன்னும் வேலை செய்யவில்லை. தகவல் தந்தது உன் அக்கா. ஒன்பதாம் மாடியில், ஊன்றுகோலுடன், தானே அட்டையை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். குழந்தையைப் பார்க்க அக்கா ஏன் வரவில்லை என்று நீ கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். காரணம் இதுதான்.

எங்கள் கட்டடத்தில் வீட்டு வாசலுக்கு வெளியே எதையும் வைக்கக் கூடாது. எங்கள் செருப்பு அலமாரி நான்கு விரல் அளவு நடைபாதைக்கு நீண்டிருந்தது. காவலாளி வந்தார்; எப்போதும் அளவுநாடாவோடு திரிவதால் அவருக்கு ‘இஞ்சி டேப்’ என்றே பெயர். அளந்தார், நோட்டீஸ் ஒட்டினார். அதில் மேலே ஆங்கிலத்தில் ‘வயலேஷன்’, கீழே மலாயில் ‘பெலாங்காரான்’. இரண்டுக்கும் பொருள் விதிமீறல்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், இரண்டிலும் டிக். அலமாரியை உள்ளே எடுத்தோம். மறுவாரம், முழங்கால் அறுவை முடிந்து வந்த உன் அக்கா செருப்பு மாட்ட உட்காருவதற்கென்று ஒரு நாற்காலியை வெளியே போட்டேன், மறந்தேன். இன்னொரு நோட்டீஸ், இன்னும் இரண்டு டிக். மூன்று குற்றம் சேர்ந்தால் லிஃப்ட் அட்டை முடக்கம். எங்களுக்கு நான்காம்! கட்டட அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன்.

“ரெண்டு தப்புதானேப்பா பண்ணினோம்?”

“ரெண்டுதான் சார். ஆனா டிக் நாலு இருக்கே.”

“ரெண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம்யா!”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கட்டத்தைத்தான் சார் எண்ணும்.”

“அப்ப ஒண்ணுல மட்டும் டிக் போடறது?”

பக்கத்தில் நின்ற இஞ்சி டேப் பதறிப்போனார். “மலாய்ல போடாம விட்டா மலாய்ல தப்பே நடக்கலன்னு ஆயிடுமே சார்!”

எதிர்வீட்டு டாக்சிக்காரர் நல்ல மனுஷன். “வாங்கக்கா, என் கார்டுல கீழ இறக்கி விடறேன்” என்று கூப்பிட்டார். உன் அக்கா மறுத்துவிட்டாள். இன்னொருவர் அட்டையில் போவதும் விதிமீறல். அவருக்கு ஏற்கெனவே சைக்கிள் வைத்ததற்கு இரண்டு டிக் இருக்கிறது. “என் முட்டிக்காக அவர் பொண்டாட்டி புள்ளைங்க படியேறணுமா?” என்றாள். நான் படியேறுகிறேன், ஐந்தாம் மாடி ஜன்னலில் நின்று மூச்சு வாங்குகிறேன், அது பரவாயில்லை. அவள் ஆறு நாளாகத் தரையை மிதிக்கவில்லை. குழந்தைக்கு வாங்கிய சின்னச் சட்டையை மடித்து மடித்து வைக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணி விமானத்தில் குழந்தை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு குற்றத்துக்கு இரண்டு கட்டம் போட்ட அந்த மூளையில்லாதவன் யாரென்று தெரிந்தால், ஒன்பது மாடியும் அவனை முட்டிபோட்டு ஏறச் சொல்வேன்.

குழந்தைக்கு எங்கள் இருவரின் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் அக்கா பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எங்கள் கட்டட நிர்வாகக் குழுவின் நான்கு வருடத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பு. ‘எந்த மொழியும் குறைவாக எண்ணப்படக் கூடாது, ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் கட்டம் வேண்டும், இரண்டு டிக்கும் சேர்ந்து ஒரே குற்றம்.’ முன்மொழிந்தவர்: நான். கைதட்டல் என்றும் எழுதியிருக்கிறது. அவளை மீட்க இந்தத் தாள் ஒன்று போதும், ஆனால் முன்மொழிந்தவன் என்பதால் அதை எல்லார் முன்னாலும் நான்தான் வாசிக்க வேண்டும். ஒரு வாரமாக அந்த அலுவலகத்தில் நான் போட்ட சத்தம் உனக்குத் தெரியாது. மேலே ‘மூளையில்லாதவன்’ என்று எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும். குழு சனிக்கிழமை மாலை ஐந்துக்குக் கூடுகிறது. ஆறரைக்கு உன் வாசலில் நின்று பார். அக்கா வந்து இறங்கினால், நான் வாசித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.